பதினெட்டு நகங்கள்

பூனைக்கு நகங்கள் பதினெட்டு. முன்னங்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து, பின்னங்கால் ஒவ்வொன்றிலும் நான்கு. இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும் என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. போன மாதம் என்னைப் பார்க்க வந்த ஆறு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். நான்கு பேர் இருபது என்றார்கள். ஒருவர் பதினாறு என்றார். ஆறாவது ஆள் பதில் சொல்லாமல் என் மருந்துச் சீட்டை வாங்கிப் படித்தார்.

இருபத்தைந்து வயது வரை எனக்கும் தெரியாது. அதிலும் நான் கணக்கு வாத்தியார். தெரியாமல் இருந்ததால் நான் பட்ட பாடு ஒரு வாரம் நீடித்தது. ஒரு வியாழக்கிழமை தொடங்கி அடுத்த புதன்கிழமை முடிந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. தக்கலையிலிருந்து இரண்டு மைல் தெற்கே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். மனைவி ஒரே பிள்ளை, அவளுக்குத் தகப்பன் இல்லை. அதனால் அவள் என் வீட்டுக்கு வருவதற்குப் பதிலாக நான் அவள் வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டில் எனக்குச் சொந்தமாக இருந்தவை ஒரு தகரப் பெட்டி, ஒரு குடை, ஏழு புத்தகங்கள். மற்றதெல்லாம் மாமியாருடையவை. இரண்டு அறை, பதினொரு தென்னை, ஒரு பசு, கூரையின் ஓடுகள். மழைக்காலத்தில் படுத்துக்கொண்டே ஓடுகளை எண்ணியிருக்கிறேன். கிழக்குச் சாய்வில் நானூற்றுப் பன்னிரண்டு, அதில் உடைந்தவை நான்கு. ஒழுகியது என் கட்டிலுக்கு நேராக இருந்த ஒன்று மட்டும்.

மாமியார் என்னிடம் நேராகப் பேசமாட்டார். மருமகனிடம் மாமியார் பேசாமலிருப்பது அந்தக் காலத்து மரியாதை. சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார், நான் கேட்டுக்கொள்ள வேண்டும். மகள் பக்கத்தில் இல்லையென்றால் பசுவிடம் சொல்வார். ஒன்றரை வருஷத்தில் பசுவின் வழியாக எனக்கு வந்து சேர்ந்த புத்திமதிகள் போதகரின் பிரசங்கங்களைவிட அதிகம். சுருக்கமும்கூட. பிரசங்கம் சராசரி ஐம்பத்திரண்டு நிமிஷம்.

மூன்று தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பம் அது. ஞாயிற்றுக்கிழமை அடுப்புக்குக்கூட அரை ஓய்வு. சனிக்கிழமையே குழம்பு வைத்து முடித்துவிடுவார்கள். ஆனால் செவ்வாயும் வெள்ளியும் நகம் வெட்டக் கூடாது, விளக்கு வைத்த பிறகும் கூடாது என்ற பழைய விதிகளை மட்டும் மாமியார் விடவில்லை. வெட்டிய நகத்தை வீட்டுக்குள் சிந்தினால் சண்டை வரும் என்பது இன்னொரு விதி. போதகர் ஒருமுறை இதையெல்லாம் மூடப்பழக்கம் என்று பிரசங்கத்திலேயே கண்டித்தார். மாமியார் ஆமென் சொன்னார். வீட்டுக்கு வந்து பசுவிடம், "போதகரு நல்லவருதான். நகத்தப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?" என்றார்.

மனைவி ரேந்தை, அதாவது லேஸ், பின்னினாள். அந்தப் பக்கத்தில் மிஷன் பெண்கள் பலர் அந்த வேலை செய்தார்கள். வைக்கோல் அடைத்த ஒரு திண்டு, அதன்மேல் துளையிட்ட காகிதம், துளைகளில் குண்டூசிகள், நூல் சுற்றிய சின்னஞ்சிறு கட்டைகள். அவளுக்கு நாற்பத்தெட்டுக் கட்டைகள். எதை எதன்மேல் போடுகிறாள் என்று எண்ணிப் பார்க்க முயன்று மூன்று முறை தோற்றிருக்கிறேன். அவள் எண்ணுவதே இல்லை, கை தானாகப் போகும். கணக்கு வாத்தியாருக்கு இதைவிட அவமானம் வேறு இல்லை.

அந்த வருஷம் அவள் பின்னியது நற்கருணை மேசை விரிப்புக்கான கரை. நான்கு கெஜம். சீமையில் ஏதோ ஒரு கோவிலுக்குப் போகப் போகிறது என்று ரேந்தை வேலைகளைப் பார்த்துக்கொண்ட வெள்ளைக்கார மதாம்மா சொல்லியிருந்தார். இரட்சகர் கடைசியாகச் சாப்பிட்ட மேசையில் ரேந்தை இருந்ததா என்று எனக்குச் சந்தேகம். அதை நான் யாரிடமும் கேட்கவில்லை. மதாம்மாவிடம் ஒரு விதி உண்டு: கர்த்தருடைய மேசைக்கான வேலை நடக்கும் வீட்டில் கோழி, நாய், பூனை, அடுப்புப் புகை எதுவும் இருக்கக் கூடாது. புகையை மனைவி கதவைச் சாத்திச் சமாளித்தாள். கோழியை மாமியார் விற்றுவிட்டார். பூனையை நான் கொண்டுவந்தேன்.

காரணம் எலி. ஒரு பரீட்சையின் விடைத்தாள்கள் நாற்பத்து மூன்றில் ஒன்பதை எலி தின்றுவிட்டது. நன்றாக எழுதிய பிள்ளைகளின் தாள்களாகப் பார்த்துத் தின்றது. அடுத்த சனிக்கிழமை கருங்கல் சந்தைக்குக் கயிறு வாங்கப் போனேன். ஓலைப்பெட்டி விற்ற ஒரு பெண் ஐந்து பூனைக்குட்டிகளை ஒரு பெட்டியில் போட்டு, பெட்டி வாங்குகிறவர்களுக்கெல்லாம் ஒன்று இலவசம் என்று தள்ளிக்கொண்டிருந்தாள். நான் பெட்டி வாங்கவில்லை. ஆனாலும் ஒன்றை என் குடைக்குள் போட்டுவிட்டாள். ஏழு மைல் தூரமும் மூடிய குடைக்குள் கத்திக்கொண்டே வந்தது. வழியில் மழை வந்தது. குடையை விரிக்க முடியாது. இருவரில் நனைந்தது நான் ஒருவன்தான்.

சாம்பல் நிறக் குட்டி. வயது ஒன்றரை மாதம் இருக்கும். எலி பிடிக்கிற அளவுக்கு அது வளரவில்லை. எலி அதைப் பிடிக்காமல் இருந்ததே ஆச்சரியம். மாலையில் நான் தாள் திருத்தும்போது மடியில் ஏறி, தப்புக் கணக்கின்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு தூங்கும். அந்த வீட்டில் என்னைப் பார்த்ததும் எழுந்து வருகிற ஒரே பிராணி அதுதான். என் சொத்துப் பட்டியலில் நான்காவதாக அதைச் சேர்த்தேன்.

அந்த வியாழக்கிழமை நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியபோது மனைவி திண்டின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரேந்தையிலிருந்து ஒரு நூல் கண்ணி விரல் நீளத்துக்கு வெளியே வந்து தொங்கியது. மூன்று கெஜமும் பதினோரு அங்குலமும் முடிந்திருந்த வேலை. மாமியார் அடுக்களை வாசலில் நின்றார்.

"ஒனக்க மாப்பிள்ளைக்க பூச்ச செய்த வேலயாக்கும் இது," என்றார் மகளிடம்.

"கண்ணு தெரியுதும்மா எனக்கு," என்றாள் மனைவி. பிறகு என்னிடம், "இது அவுத்து திரும்பப் போடலாம், நாளைக்குள்ள சரியாக்கிருவேன். ஆனா அடுத்த புதன் மத்தியானம் மதாம்மா வருவா. இனி ஒரு கண்ணி இழுத்துதுன்னா எனக்க கையிலேருந்து இந்த வேல போச்சு. கேக்குதியளா?"

"கதவைச் சாத்தி வைக்கலாம்," என்றேன்.

"இந்த வீட்டுக்கு உள்ள வர எத்தன வழி இருக்குன்னு நீங்கதான எண்ணுனிய?"

எண்ணியிருந்தேன். கதவு, ஜன்னல், கூரையிடுக்கு எல்லாம் சேர்த்து ஆறு.

"அப்போ நகத்த வெட்டுங்க," என்றாள். "எல்லா நகத்தையும். புதன் காலத்த ஒரு நகம் மிச்சமிருந்தாலும் மீன்காரிக்க கடவத்துல ஏத்தி விட்டுருவேன். அவ கேட்டுட்டேதான் இருக்கா."

மீன்காரி கடற்கரையிலிருந்து வருகிற கத்தோலிக்கப் பெண். ஞாயிறு நீங்கலாக ஆறு நாளும் தலையில் கடவத்தோடு வருவாள். கடவம் என்றால் ஓலையில் முடைந்த அகலமான கூடை. அவள் குடிசையில் எலிகள் வலையைக் கடித்துத் தள்ளுகின்றன. அதனால் குட்டியின்மேல் முதல் நாளிலிருந்தே அவளுக்குக் கண். மறுநாள் வந்ததும் விஷயம் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"சாரே, பூச்சக்கி நகம் வெட்டப் போறியளாமே. மீசயும் வழிச்சு விடுவியளா?"

நான் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

"புதன்கிழம மூடியுள்ள கடவமாக் கொண்டு வாறேன்," என்றாள்.

என்னிடம் எத்தனை நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். வெள்ளி மாமியாருடையது. ஞாயிறு கர்த்தருடையது. செவ்வாய் மறுபடியும் மாமியாருடையது. மிஞ்சியது சனியும் திங்களும், புதன் காலையில் கொஞ்சமும். சனி காலை பள்ளி உண்டு, மத்தியானம் பசுவுக்குப் புல். திங்கள் பள்ளி விட்டு வர நாலரை. விளக்கு வைப்பது ஆறு மணிக்கு. பால் குடித்துத் தூங்கும்போதுதான் குட்டியின் நகத்தை வெட்ட முடியும், அது தூங்குவது ஒரு தடவைக்குச் சராசரி இருபத்தேழு நிமிஷம். ஆக எனக்குக் கிடைக்கும் நேரம் நான்கு மணிநேரத்துக்கும் குறைவு, நகங்கள் இருபது. ஒரு நகத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம்கூட இல்லை. கவலையில் எனக்குப் பேதியாகிவிட்டது. மனைவி சுக்குக் கஷாயம் வைத்துத் தந்தாள். இரண்டு டம்ளர்.

வெள்ளிக்கிழமை ஒரு முயற்சி செய்து பார்த்தேன். செவ்வாய் வெள்ளி விதி மனிதருக்குத்தானே, பூனைக்கு எப்படிப் பொருந்தும் என்று மனைவியிடம் உரக்கக் கேட்டேன். மாமியார் பசுவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எட்டி," என்றார் பசுவிடம், "நகம்னா நகந்தான். ஒனக்கக் கொளம்புக்கும் லாடம் அடிக்கது வெள்ளிக்கெழமயா?"

பசுவுக்கு லாடம் அடிப்பதே கிடையாது. அதைச் சொல்லி என்ன பயன்?

சனிக்கிழமை மாலை ஐந்தே காலுக்குத் தொடங்கினேன். மனைவியின் ரேந்தைக் கத்தரியை யாரும் தொடக் கூடாது, நானும்தான். முனை முறிந்த பழைய கத்தரி ஒன்றைத் தந்தாள். குட்டி மடியில் மல்லாந்து தூங்கியது. பாதத்தை மேலும் கீழும் மெல்ல அழுத்தினால் நகம் தானே வெளியே வருகிறது என்று கண்டுபிடித்தேன். வெளிச்சத்தில் பார்த்தால் நகத்தின் உள்ளே சிவப்பாக ஒரு கோடு தெரியும். அது உயிருள்ள இடம், அதைத் தொடக் கூடாது. நுனியில் வெள்ளையாக வளைந்திருப்பதை மட்டும் வெட்ட வேண்டும். அரைக் குருணை அளவு. என் கைக்குள் அதன் இருதயம் அடித்தது. நிமிஷத்துக்கு எத்தனை என்று பார்க்க முயன்றேன். நூறு வரை எண்ணுவதற்குள் அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

வலது முன்னங்காலில் ஐந்தும் முடிந்தன. இடது முன்னங்காலில் மூன்றாவதை வெட்டும்போது கண்ணைத் திறந்தது. வெட்டாத பின்னங்கால்கள் இரண்டாலும் என் மணிக்கட்டை உதைத்துக்கொண்டு ஓடிவிட்டது. ஆறு கீறல். மாமியார் விளக்கு வைத்தார். ஜெபம் முடிந்து, தரையில் தவழ்ந்து நகத்துணுக்குகளைப் பொறுக்கினேன். சண்டை விதியை மறக்க முடியாதே. எட்டு வெட்டினேன், எட்டும் கிடைத்தன. ஒரு காலித் தீப்பெட்டியில் போட்டு வைத்தேன். பாக்கி பன்னிரண்டு.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பிரசங்கம் அறுபத்தோரு நிமிஷம் நடந்தது. அதைக் கேட்டுக்கொண்டே என் கீறல்களை மறுபடி எண்ணினேன். ஆறில் ஒன்று சீழ் வைக்கும் போலிருந்தது. சீழ் வைத்தால் விரல் போகும், விரல் போனால் சுண்ணாம்புக்கட்டி பிடிக்க முடியாது, வேலை போகும் என்று அந்த யோசனை ஆசீர்வாதம் வரை நீண்டது. வீட்டுக்கு வந்ததும் பார்த்தால் குட்டி மாமியாரின் பாயின்மேல் உட்கார்ந்து இரண்டு முன்னங்கால்களாலும் பாயைப் பிசைந்துகொண்டிருந்தது.

"ஓய்வுநாளில் பூனை வேலை செய்கிறதே, அதற்கு யாரும் ஒன்றும் சொல்லக் காணோம்," என்று மனைவியிடம் சொன்னேன்.

"அவருட்ட சொல்லு," என்றார் மாமியார். "வேதத்துல பூச்சயே கெடையாது. அதுக்கு ஓய்வுநாளும் கெடையாது. கத்தரி பிடிக்கவருக்கு உண்டு."

ஏழு புத்தகங்களில் ஒன்றைத் திறந்து சாயந்திரம் வரை தேடினேன். சிங்கம் இருக்கிறது, நரி இருக்கிறது, வெட்டுக்கிளிகூட இருக்கிறது. பூனையைக் காணவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மாமியார் சொன்னது சரி.

திங்கட்கிழமை நாலே முக்காலுக்கு மனைவியும் உட்கார்ந்தாள். தோர்த்துத் துண்டில் குட்டியைக் கழுத்துவரை சுற்றி, ஒரு காலை மட்டும் வெளியே எடுத்துக் கொடுத்தாள். அந்த வீட்டில் மேற்கு ஜன்னலடியில்தான் வெளிச்சம் நன்றாக இருக்கும். ரேந்தைத் திண்டும் அங்கேதான் இருந்தது. முடிந்த பகுதியைச் சுருட்டித் திண்டின் பின்னால் வைத்து, மேலே ஒரு துணியைப் போர்த்தியிருந்தாள்.

இடது முன்னங்காலில் மிச்சமிருந்த இரண்டும் முடிந்தன. இடது பின்னங்காலை எடுத்தோம். நான்கு வெட்டினேன். ஐந்தாவதைக் காணவில்லை.

"அடுத்த காலத் தரட்டா?" என்றாள்.

"இரு. இதில் ஒன்று பாக்கி."

"எங்க?"

"அதைத்தான் தேடுகிறேன்."

பாதத்தை அழுத்தினேன். நான்குதான் வந்தன. உள்ளங்காலைத் தடவினேன். ரோமத்தை ஊதிப் பார்த்தேன். கணுக்கால் வரை தேடினேன். முன்னங்காலில் ஐந்தாவது கொஞ்சம் மேலே தள்ளி, பக்கவாட்டில் ஒளிந்திருந்தது. இங்கேயும் அப்படி எங்கோ இருக்க வேண்டும். முன்னால் பத்து என்றால் பின்னால் பத்து.

"எண்ணுறத விட்டுட்டு வெட்டுங்க. அது உருவிக்கிட்டு வருது."

"ஒரு காலை முழுசாக முடிக்காமல் அடுத்ததற்குப் போகக் கூடாது. கணக்கு தப்பிவிடும்."

"கணக்கப் பாத்தா நீங்க என்னய கெட்டுனிய?" என்றாள்.

இருபத்து மூன்று நிமிஷம் அந்த இல்லாத நகத்தைத் தேடினேன். குட்டி கடைசியில் தோர்த்திலிருந்து உருவி, திண்டின்மேல் ஏறிக் குதித்து, துணியை ஒருபக்கம் இழுத்து, ஜன்னல் வழியாகப் போய்விட்டது. மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு துணியை விலக்கிப் பார்த்தாள். கண்ணி ஒன்றும் இழுபடவில்லை. மறுபடி போர்த்தினாள். அந்த நேரம் பார்த்து மாமியார் விளக்கோடு வந்தார். என் கணக்குப்படி ஆறாக இன்னும் பதினேழு நிமிஷம் இருந்தது.

"இன்னைக்கு மேகமாக்கும்," என்றார் விளக்கிடம்.

பொறுக்கியபோது ஐந்து துணுக்குகள்தான் கிடைத்தன. ஆறு வெட்டியிருந்தேன். பாயை உதறினேன், வேட்டியை உதறினேன், மனைவியை எழுந்து நிற்கச் சொன்னேன். கிடைக்கவில்லை. தீப்பெட்டியில் பதின்மூன்று. வெட்டியவை பதினான்கு. காணாமல் போன துணுக்கு ஒன்று, காலிலேயே காணாமல் போன நகம் ஒன்று, வலது பின்னங்கால் முழுசாகப் பாக்கி. அன்று சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, விளக்கைப் பிடித்துக்கொண்டு மறுபடி தேடினேன்.

"ஒரு துணுக்குக்கா?" என்றாள் மனைவி.

"சண்டை வரும் என்று உன் அம்மா சொல்வார்."

"இப்பவே வந்திட்டு," என்று சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

செவ்வாய் காலை மீன்காரி கடவத்தை இறக்கும்போதே ஆரம்பித்தாள்.

"எத்தன ஆச்சு சாரே?"

"பதினான்கு. பின்னங்காலில் ஒரு நகம் அகப்படவில்லை."

"எத்தனாவது?"

"ஐந்தாவது."

அவள் கையிலிருந்த சாளை மீனைக் கீழே வைத்தாள். மனைவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பூச்சக்கி பொறத்த காலுல நாலுதான் சாரே."

நான் விரல் விட்டு ஒருமுறை எண்ணிப் பார்த்தேன்.

"கணக்கு வாத்தியாரு," என்றாள் மனைவியிடம், மிகவும் மரியாதையாக. "எங்க கரையில எழுத்து தெரியாத கெழவனுக்கும் இது தெரியும். ஏட்டி, ஒனக்க புருஷன் இல்லாத நகத்த வெட்டவா நேத்து பொழுது போக்குனாரு?"

மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். முந்தைய நாள் சண்டை அதோடு முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் திங்கள் மாலை இருபத்து மூன்று நிமிஷத்தில் வலது பின்னங்காலின் நான்கு நகங்களையும் முடித்திருக்கலாம் என்ற நினைப்பு என்னை நாள் முழுக்கத் தின்றது. செவ்வாய் மாமியாருடைய நாள். மிச்சமிருப்பது புதன் காலை மட்டும். இரண்டு மணிநேரம்.

புதன்கிழமை கிழக்கு வெளுத்ததும் எழுந்தேன். மாமியார் ஏற்கெனவே முற்றத்தில் நின்று சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழு வட்டமும் மேலே வந்த பிறகு, "செவ்வா முடிஞ்சுது," என்று பசுவிடம் சொன்னார். ஆறரைக்குக் குட்டி பால் குடித்தது. ஏழுக்குத் தூங்கியது. ஏழு மணி ஒன்பது நிமிஷத்துக்குள் வலது பின்னங்காலின் நான்கு நகங்களும் முடிந்தன. நான்கு துணுக்குகளும் கிடைத்தன. ஐந்தாவதைத் தேடவே இல்லை. தீப்பெட்டியில் பதினேழு. மனைவி பதினெட்டு நகங்களையும் ஒவ்வொன்றாகத் தன் கன்னத்தில் உரசிப் பார்த்தாள்.

"சரி, இருக்கட்டும்," என்றாள்.

பள்ளிக்கூடத்துக்குப் பாடிக்கொண்டே போனேன். எனக்குப் பாட வராது.

மதாம்மா வருகிற நேரத்துக்குக் குட்டி வீட்டில் இருக்கக் கூடாது. அதனால் ஒரு மணிநேரத்துக்கு மட்டும் மீன்காரியிடம் ஒப்படைக்க ஏற்பாடு. அவள் சொன்னபடியே மூடியுள்ள கடவத்தோடு வந்திருந்தாள். "இன்னைக்கு அது கரைக்குப் போவும்னு எனக்க மனசு சொல்லுது," என்று சொல்லி, முற்றத்துப் பலா மரத்தடியில் கடவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மத்தியான இடைவேளைக்கு நான் கஞ்சி குடிக்க வந்தபோது மதாம்மா உள்ளே இருந்தார். ரேந்தை முழுவதையும் பாயில் விரித்து, ஒரு பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்துகொண்டிருந்தார். அவர் உதடு அசைந்தது. ஓட்டைகளை எண்ணுகிறார் என்று தெரிந்ததும் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. வியாழக்கிழமை இழுபட்ட இடத்தைத் தாண்டிப் போனார், நிற்கவில்லை. மனைவி என்னைப் பார்த்தாள். ஒரு சாண் தாண்டியதும் நின்றார்.

"இது என்ன பொருள்?" என்றார். மதாம்மா பேசுவது அச்சடித்த தமிழ்.

ஒரு குண்டூசியால் எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்தார். வெள்ளையாக, வளைந்து, அரைக் குருணை அளவு. பதினெட்டாவது. நான் பார்த்த உடனே தெரிந்துகொண்டேன். ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது, கணக்கு சரியாகிவிட்டதே.

"இது நகம்," என்றார் மதாம்மா. "மிகவும் சிறிய நகம். இந்த வீட்டில் குழந்தை உண்டா?"

"இல்ல," என்றார் மாமியார். அந்த ஒரு வார்த்தையை எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்.

"பிராணி ஏதும் உண்டா?"

முற்றத்துக் கடவத்திலிருந்து ஒரு சின்ன முனகல் வந்தது. மதாம்மா தலையைத் திருப்பினார்.

"கடவம் பழசு அம்மா, கிரீச்சுங்கும்," என்றாள் மீன்காரி மரத்தடியிலிருந்து. மூடியின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டாள்.

மனைவி வாயைத் திறந்தாள். பூனை என்று சொன்னால் வேலை போகாது. அவள் கை அத்தனை நல்ல கை. பூனைதான் போகும், இன்றே, அந்தக் கடவத்திலேயே. சொல்லாவிட்டால் நகத்துக்கு ஒரு சொந்தக்காரர் வேண்டும். என் சொத்தில் நான்காவது மரத்தடியில் இருந்தது.

"அது என்னுடையது அம்மா," என்றேன்.

"உங்கள் நகமா?"

"ஆம்."

"உங்கள் கைகளைக் காட்டுங்கள்."

நீட்டினேன். நீட்டிய பிறகுதான் நானே பார்த்தேன். ஒரு வாரமாகப் பூனையின் நகத்தையே நினைத்துக்கொண்டிருந்ததில் என்னுடையதை வெட்டவே இல்லை. பத்து நகங்களும் நீளமாக, சிவப்பு மை அடைந்து நின்றன. மதாம்மா பூதக்கண்ணாடியை ஒவ்வொரு விரலின்மேலும் பிடித்தார். பத்து வரை எண்ணினார்.

"இவற்றில் எதுவும் வெட்டப்படவில்லையே."

"கை இல்லை அம்மா," என்றேன். "கால்."

"காலா?"

"சுண்டுவிரல்."

மதாம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஜெபமா குமட்டலா என்று தெரியவில்லை. இருபது வினாடி இருக்கும். கண்ணைத் திறந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது.

"கர்த்தருடைய மேசைக்காக நெய்யப்படுகிற வஸ்திரத்தின் அருகில் உட்கார்ந்து, நீர் உமது கால் நகத்தை வெட்டினீரா?"

"வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கும்," என்றேன். அது ஒன்றாவது உண்மையாக இருக்கட்டும் என்று.

அப்போதுதான் மாமியார் முன்னால் வந்தார். ஒரு நாளும் பொய் சொல்லாதவர். பூனை என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். மனைவியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். ஆனால் மாமியாரைச் சுட்டது வேறு விஷயம்.

"அம்மா, இந்த வீட்டுல நகம் வெட்டுனது திங்கக்கெழமையாக்கும்," என்றார். "செவ்வாயும் வெள்ளியும் இங்க யாரும் நகத்துல கத்தரி வைக்க மாட்டோம். வெளக்கு வச்ச பொறவும் மாட்டோம். அதுக்கு நான் சாட்சி."

மதாம்மாவின் கோபம் என்னை விட்டுவிட்டு அவர்மேல் திரும்பியது. மூடப்பழக்கங்களைப் பற்றிப் பதினான்கு நிமிஷம் பேசினார். மாமியார் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் ஆமென் என்றார்.

ரேந்தையை மதாம்மா எடுத்துக்கொண்டார். மூன்று தண்ணீரில் அலசச் சொல்வதாகச் சொன்னார். வேலை அருமையான வேலை, ஒரு ஓட்டைகூடத் தப்பவில்லை, அடுத்த உருப்படிக்கான காகிதத்தை அனுப்புகிறேன் என்று மனைவியிடம் சொன்னார். என்னிடம், திண்டு இருக்கும் அறையில் இனி நான் செருப்பைக் கழற்றிவிட்டுக்கூட நுழையக் கூடாது என்றார். நகத்துணுக்கை ஒரு காகிதத்தில் மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சீமைக்கு அனுப்பியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

அவர் வண்டி வளைவு திரும்பும்வரை காத்திருந்துவிட்டு மீன்காரியிடம் போனேன். கடவத்தின் மூடியைத் திறந்தாள். குட்டி மீன்களுக்கு நடுவில் வயிறு புடைத்துப் படுத்திருந்தது.

"மூணு சாளை தின்னிருக்கு," என்றாள். "எனக்க மீனத் தின்னது எனக்க பூச்ச."

"நான் என் கால் விரலையே கொடுத்திருக்கிறேன்," என்றேன்.

"கேட்டேன் சாரே. ஊருக்கெல்லாம் கேட்டிருக்கும்." குட்டியைக் கழுத்தில் பிடித்துத் தூக்கி என் கையில் வைத்தாள். "நம்ம வாத்தியாரு கால் நகத்த நற்கருணை மேசையில வெட்டுனாருன்னு எங்க கரையில சொன்னா, எங்க சாமியாரும் கொஞ்சம் சிரிக்கட்டும். அது போதும் எனக்கு. மூணு சாளைக்கி."

சொன்னபடி செய்தாள். அடுத்த திங்கட்கிழமை முதல் பள்ளியில் நக சோதனை தொடங்கியது. மதாம்மா எழுதிய கடிதத்தின்படி, நாற்பத்து மூன்று பிள்ளைகள் கையை நீட்டும் முன், முதலில் நான் தலைமையாசிரியரிடம் நீட்ட வேண்டும். கால் உட்பட. பதினெட்டுத் திங்கட்கிழமைகள் நீட்டினேன். பத்தொன்பதாவது திங்கள் தலைமையாசிரியருக்கே அலுத்துவிட்டது.

மதாம்மா வந்துபோன மறுநாள், வியாழக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு மனைவி ரேந்தைக் கத்தரியோடு வந்து உட்கார்ந்தாள். யாரும் தொடக் கூடாத கத்தரி. "கைய நீட்டுங்க," என்றாள். பத்தையும் வெட்டினாள். குட்டி என் மடியில் தூங்கியது. பிறகு காலையும் காட்டச் சொன்னாள். இரண்டு சுண்டுவிரலையும் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள். துணுக்குகளை நானே பொறுக்கினேன். இருபது. எனக்கு இருபதுதான்.

அதற்குப் பதினைந்து நாள் கழித்துப் புதிய உருப்படிக்கான காகிதம் வந்தது. திண்டில் குண்டூசிகளைக் குத்தி மனைவி முதல் வரிசையைத் தொடங்கினாள். குட்டி எழுந்து சோம்பல் முறித்து, முன்னங்கால் ஒன்றைத் திண்டின்மேல் வைத்து, விரல்களை விரித்தது. ஐந்தும் முன்போலவே கூர்மையாக வெளியே வந்தன.

வெட்டினால் மறுபடி வளரும் என்பதை, எண்ணுகிற மும்முரத்தில், நான் யோசிக்கவே இல்லை. அடுக்களையிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார்.

"இன்று என்ன கிழமை?" என்றேன் மனைவியிடம்.

"வெள்ளி," என்றார் மாமியார். ஒன்றரை வருஷத்தில் அவர் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.